'ஏற்கிறேன்' என்றால் இசைவு ஆகிவிடுமா?

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரி நூலகக் கணிப்பொறியில் மாணவி ஒருத்தி, வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தாள். நோயின் பெயர் இங்கு வேண்டாம். வலைத்தளம் திறந்ததும் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு தோன்றியது. அதைப் படிக்காமலேயே 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்னும் பொத்தானை அழுத்தினாள். "எதை ஏற்றுக்கொண்டாயம்மா?" என்று கேட்டேன். "தெரியாது சார். அழுத்தினால்தானே பக்கம் தெரியும்!" என்றாள்.

அந்த அறிவிப்பைத்தான் இங்கு ஆராய விரும்புகிறேன்.

வலைத்தளத்திற்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. முதல் பக்கத்தைக் கேட்டவரே அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பதை அது அறியாது. இக்குறையைத் தீர்க்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மான்டுல்லி ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறியீட்டை நம் உலாவியிடம் கொடுத்து வைக்கும்; மறுமுறை செல்லும்போது உலாவி அதைக் காட்டும். குக்கி என்பது இதுவே. துணிக்கடை வாசலில் பையைக் கொடுத்து டோக்கன் வாங்குகிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான். இது வைரஸ் அன்று, நிரலும் அன்று. 'உளவு நிரல்' என்று நம்மவர் சிலர் எழுதுவது பிழை.

அப்படியானால் தீங்கு எங்கிருந்து வருகிறது? ஒரு பக்கத்திலுள்ள விளம்பரம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து வருகிறது. அந்த மூன்றாமவரும் தம் டோக்கனைக் கொடுக்கலாம். ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலும் பை வைக்குமிடத்தை ஒரே குத்தகைக்காரர் நடத்துவதாகக் கொள்வோம். மருந்துக்கடை, புத்தகக்கடை, அடகுக்கடை என எங்குச் சென்றாலும் அதே டோக்கனை நீட்டுகிறோம். அவர் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். நம் பெயர் அவருக்குத் தேவையில்லை. என்றேனும் ஒரு கடையில் நாம் கொடுத்த தொலைபேசி எண் அவர் கைக்குப் போனால், ஏடு முழுவதும் நம் பெயரில் ஏறிவிடும்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்னும் தொழில்நுட்ப வரையறை, இத்தகைய மூன்றாமவர் குக்கிகளை உலாவி தானாக அனுமதிக்கலாகாது என்றது. அன்றைய பெரிய உலாவிகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தன் நெறிமுறையைத் திருத்தி, பயனரின் இசைவு வேண்டும் என்றது. அதன் விளைவாகப் பெருகியவையே இந்த அறிவிப்புகள். நோக்கம் நன்று; நிறைவேற்றிய விதம் நன்றன்று. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்று பல அறிவிப்புகள் தொடங்குகின்றன. யாருடைய ஏட்டில் என்ன எழுதப்படும் என்பதை அவ்வாசகம் சொல்வதில்லை. மேலும், ஏற்க ஓர் அழுத்தம் போதும். மறுக்கவோ இரண்டு மூன்று திரைகளைக் கடக்க வேண்டும். ஒரு தட்டில் முன்கூட்டியே கல்லை வைத்துவிட்டுத் தராசு காட்டும் எடையை எந்த ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொள்ளாது. முன்னரே குறியிடப்பட்ட கட்டம் இசைவாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மறுப்பதை ஏற்பதைப் போல் எளிதாக்காததற்காக, 2022 ஜனவரியில் பிரான்சின் தனியுரிமை ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது.

விளம்பரம் இல்லையேல் தளங்கள் இலவசமாக நடவா என்பர். உண்மையே. ஆயினும் பக்கத்தின் பொருளுக்கேற்ப விளம்பரம் காட்டலாமே. படிப்பவரைப் பின்தொடர வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தடையற்றதாகவும் விவரம் அறிந்து தருவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இசைவு கோரும் வாசகத்தை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெறலாம் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இசைவு பற்றிய பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தமிழிலும் 'அனுபவத்தை மேம்படுத்த' என்றே எழுதினால் என் மாணவிக்கு என்ன பயன்?

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சஃபாரி உலாவி 2020 முதல் மூன்றாமவர் குக்கிகளைத் தடுக்கிறது. குரோமில் அவற்றை நீக்கப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே அதன் அமைப்புகளில் நாமே தடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இது முழுக் காப்பு அன்று. 33 'ஆம்-இல்லை' வினாக்களுக்கு 859 கோடி விதமாக விடையளிக்கலாம். உலக மக்கள்தொகையோ அதற்கும் குறைவு. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்றவை குக்கி இல்லாமலேயே அவ்வினாக்களில் சிலவற்றுக்கு விடை தந்துவிடுகின்றன. ஆகவே கருவியை மட்டும் நம்பிப் பயனில்லை, சட்டமும் வேண்டும்.

அந்த மாணவிக்கு மறுக்கும் பொத்தானைத் தேடிக் காட்டினேன். மூன்றாவது திரையில் இருந்தது. "இதை முதலிலேயே வைத்திருக்கலாமே, சார்?" என்றாள். தளங்களை நடத்துவோர் விடைசொல்ல வேண்டிய கேள்வி அது.