வளைவுக்குப் பிறந்த சத்ரியா

கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, மலேசியாவின் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். 1.8 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 140 குதிரைத்திறன். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி நெடுஞ்சாலைக்கு வரும் போர்ஷேக்கள் நேர்ச்சாலையில் அதை எளிதாக விட்டுவிட்டுப் போய்விடும், மறுப்பதற்கில்லை.

ஆனால் வளைவு வரட்டும். கியரை இறக்கினால் கைக்குள் ‘டக்’கென்று விழும். எஞ்சின் குரல் கரகரத்து உயரும். தாரின் சொரசொரப்பு, விடியல் மழையின் ஈரம், லாரிகள் அழுத்திய பள்ளம் எல்லாம் ஸ்டீயரிங் வழியாக விரலுக்கு வந்து சேரும். பின்புறத்தில் லோட்டஸ் பெயர் சும்மா ஒட்டியிருக்கவில்லை. அந்த ஆங்கிலேய நிறுவனம் சஸ்பென்ஷனைப் பதப்படுத்திய பொறுமையை முதுகே உணரும். வண்டி சாயாது, திமிறாது, திருப்பிய பக்கம் சட்டென்று மூக்கை நீட்டும். அகன்ற பெரிய கார்கள் இங்கே பலத்தைக் காட்ட இடமின்றி பிரேக்கிலேயே ஊர்கின்றன. சத்ரியாவிலோ, இரண்டாவது கியரிலேயே, சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள், எஞ்சினின் அடிக்குரல் முதல் உச்சக்குரல் வரை ஏறக்குறைய முழுவதையும் கேட்டுவிடலாம்.