பந்துக்கு முன்னால் புல்லைப் பாருங்கள்

கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து விளையாடி, 2018-19 ஐ-லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது சென்னை சிட்டி கால்பந்து அணி. கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9 அன்று, நம்ம ஊரிலேயே, மினர்வா பஞ்சாபுக்கு எதிராக நடந்தது. பட்டம் வென்றவர்களுக்கு ஆசிய அளவில் ஆடும் வாய்ப்பு வந்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியை அவர்கள் தங்கள் சொந்த மைதானத்தில் சந்திக்க வேண்டும். ஆட்டம் நடந்ததோ அகமதாபாத்தில். மார்ச் மாதம் மாலத்தீவின் மாசியா அணி வந்தபோதும் அகமதாபாத்தேதான். பட்டத்தைப் பார்த்த ஊர், பட்டத்தின் பலனை டி.வி.யில்தான் பார்த்தது.

இது ஏன் என்று கேட்கத் தொடங்கினால் கால்பந்தில் இன்னொரு ஆட்டம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு ஆசிய ஆட்டத்துக்கு இடம் கொடுப்பவரிடம் நீளமான பட்டியல் ஒன்று நீட்டப்படும். எண் போட்ட தனித்தனி இருக்கைகள், நிழல் விழாத விளக்கு வெளிச்சம், இரண்டு அணிகளுக்கும் நடுவர்களுக்கும் தனித்தனி உடை மாற்றும் அறைகள், ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு ஓர் அறை, பத்திரிகையாளர்களுக்கு ஓர் அறை, ஆம்புலன்ஸ் தடையில்லாமல் உள்ளே வந்து வெளியே போக ஒரு வழி. பந்து உருள்வதற்கு முன்பே ஆடப்படும் ஆட்டம் இது. இதைப் பார்க்கப் பழகிவிட்டால் ஒரு சர்வதேசப் போட்டியை இரண்டு மடங்கு ரசிக்கலாம் என்பது என் கட்சி. மெஸ்ஸியின் கால்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கால்களுக்குக் கீழே இருப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வெப்ப நாடுகளின் கால்பந்து மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல்தான். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லும் அதே இனம். அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல் ஒன்றோடு கலந்து உருவாக்கிய கலப்பின வகைகளைத்தான் பெரிய மைதானங்களில் வளர்க்கிறார்கள். வாய்க்கால் வரப்பில் அருகைப் பிடுங்கி அலுத்துப் போன நம்ம விவசாயிகளுக்கு அதன் பலம் என்னவென்று தெரியும். மிதித்தாலும் படரும், வெட்டினாலும் படரும், வெயிலில் காய்ந்தாலும் வேரிலிருந்து எழும்பும். அதற்கு ஆகாதது நிழல்.

ஸ்டேடியத்துக்குப் போனால் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் தெளிக்கிறார்களா, எவ்வளவு நேரம் தெளிக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஈரப் புல்லில் பந்து வழுக்கி ஓடும். குட்டைப் பாஸ்களில் ஆடும் அணிக்கு அது வரம். காய்ந்த, கொஞ்சம் உயரமான புல்லில் பந்து தயங்கும், உயரத் தூக்கி அடிக்கும் அணிக்கு அது வசதி. இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் பஜ்ஜி வாங்க எழுந்து போவார்கள். நீங்கள் போகாதீர்கள். கையில் கவைக்கோலோடு சில பேர் உள்ளே இறங்கி, பெயர்ந்த புல்கட்டிகளைத் திரும்ப அமுக்கிவிட்டுப் போவார்கள். எந்த இடத்தில் அதிகம் குனிகிறார்கள் என்று பாருங்கள். முதல் பாதியில் ஆட்டம் எந்தப் பக்கமாக நடந்தது என்பதை வர்ணனையாளரைவிட அவர்கள் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

புல் தோற்றால் போட்டி எப்படித் தடுமாறும் என்பதை இந்தியா ஒரு முறை கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இங்கே நடந்தது. கவுஹாத்தியில் மாலியும் கானாவும் கால் இறுதி ஆடிய அன்று கொட்டித் தீர்த்தது மழை. சேற்றில்தான் ஆடி முடித்தார்கள். அதே மைதானத்தில் நாலு நாளில் பிரேசில் - இங்கிலாந்து அரை இறுதி. ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கையில் அதை கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். இரண்டு அணிகள், நடுவர்கள், ஒளிபரப்பு வண்டிகள், டிக்கெட்டுகள், போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் சேர்ந்து ஊர் மாறின. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இங்கிலாந்து 3-1 என்று வென்றது, ரியான் ப்ரூஸ்டர் மூன்று கோல் போட்டார். அந்த மூன்று கோலும் இன்றைக்கும் பேசப்படுகின்றன. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஓர் அரை இறுதியைத் தூக்கி இன்னொரு ஊரில் வைத்தவர்களின் பேர் யாருக்கும் தெரியாது. எனக்கென்னவோ அந்தத் தொடரின் ஆகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்று படுகிறது.

அடுத்து அட்டவணை. பேப்பரில் வரும் அந்தக் கட்டம் போட்ட பட்டியலை வெட்டிச் சுவரில் ஒட்டுகிறோம், ஆனால் படிப்பதில்லை. ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் எத்தனை நாள் ஓய்வு, எத்தனை கிலோமீட்டர் பயணம் என்று குறித்து வையுங்கள். காலிறுதியில் ஒரு நாள் ஓய்வு கூடுதலாகப் பெற்ற அணி கடைசி இருபது நிமிடத்தில் எப்படி ஓடுகிறது என்று பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், மூன்று நாடுகள், 16 நகரங்கள். மெக்சிகோ சிட்டியின் உயரமும் மயாமியின் புழுக்கமும் ஒரே போட்டிக்குள் அடங்குகின்றன. அந்தத் தொடருக்கு வெயிலை நினைத்து ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க 3 நிமிட இடைவேளை என்று முடிவு செய்தார்கள். பயிற்சியாளருக்கு அது இலவசமாகக் கிடைத்த ஆலோசனை நேரம். அந்த இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஒரு அணியின் ஆட்டம் மாறுகிறதா என்று கண் வைத்தால் சுவாரசியம் தனி.

கணக்குப் பிடிப்பவர்களுக்கு இங்கே ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. நாலு அணிகள் கொண்ட ஒரு பிரிவில் ஆறு ஆட்டம். பன்னிரண்டு பிரிவுக்கு 72. அதன் பிறகு 32 அணிகள் மிஞ்சினால் 16, 8, 4, 2, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று என்று 32 ஆட்டம். மொத்தம் 104. இந்தியாவில் நடந்த இளையோர் உலகக் கோப்பைக்கு 24 அணிகள், 52 ஆட்டங்கள், ஆறு நகரங்கள். அணியைக் கூட்டினால் ஆட்டம் கூடும், ஆட்டம் கூடினால் புல்லுக்கு ஓய்வு குறையும். நடத்துபவரின் தலைவலி எல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

பிரிவு ஆட்டங்களின் கடைசி நாளை மட்டும் தவறவே விடாதீர்கள். அன்றைக்கு ஒரே பிரிவின் இரண்டு ஆட்டங்களும் ஒரே நிமிடத்தில் தொடங்கும். காரணம் 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் கிகோன் நகரில் நடந்த ஒரு ஆட்டம். அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் ஆஸ்திரியாவை வென்றால் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. மீதி எண்பது நிமிடம் இரண்டு பக்கமும் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியா வீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் உலகக் கோப்பையில் கடைசிச் சுற்று ஒரே நேரத்தில் என்ற விதி வந்தது.

கோவைக்காரர்களுக்கு இந்த ருசி தெரியாததல்ல. மேலே சொன்ன அந்த மார்ச் 9 அன்று இங்கே ஆட்டம் நடந்த அதே நேரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடியது. சென்னை சிட்டி சறுக்கினால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா முன்னிலை எடுத்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு தற்காப்பு வீரர் கௌரவ் போரா வந்து இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றுவிட்டது. கடைசிப் புள்ளிக் கணக்கு 43க்கு 42. இப்படிப்பட்ட நாளில் கண் மைதானத்தில் இருக்கட்டும், காது பக்கத்து இருக்கைக்காரரின் செல்போனில் இருக்கட்டும். மைதானத்தில் ஒன்றும் நடக்காதபோது கேலரி திடீரென்று இரைந்தால், வேறு ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

பழைய நாளில் முடிவே வேறு மாதிரி. 1978 ஃபெடரேஷன் கோப்பை கோவையில்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோலே போடவில்லை. இரண்டு பேருக்கும் பட்டம் என்று அறிவித்துவிட்டார்கள். பரம வைரிகள் கோவையில் வந்து கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு போட்டிக்குப் போகும் முன் சமநிலை ஆனால் என்ன செய்வார்கள் என்ற விதியைப் படித்துவிட்டுப் போங்கள். பிரிவில் இருவர் புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்களா, அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தின் முடிவைப் பார்ப்பார்களா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். அது தெரியாவிட்டால், மூன்று கோல் முன்னிலையில் இருக்கும் அணி நாலாவதுக்கு ஏன் பேயாய் அலைகிறது என்பது புரியாது.

ஸ்டேடியத்தின் வாசல்களையும் ரசிக்க முடியுமா? முடியும், கொஞ்சம் கனத்த மனதோடு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட துயரங்களால்தான் இன்று நடத்துபவர்கள் முதலில் எண்ணுவது வெளியே போகும் வழிகளை. 2017 இளையோர் உலகக் கோப்பைக்காகக் கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் ரசிகர்களின் எண்ணிக்கையை 29,000ஆகக் குறைத்தார்கள். கேலரிக்கு அடியில் இருந்த கடைகளைப் போட்டி முடியும்வரை காலி செய்யச் சொன்னார்கள். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அது நியாயமும்கூட. நம்ம நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியும் கடைகள்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஸ்டேடியத்தில் உட்கார்ந்ததும் உங்களுக்குப் பக்கத்தில் எந்த வழி திறந்திருக்கிறது, எந்த ஷட்டர் பூட்டியிருக்கிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள். அந்த ஊர் போட்டி நடத்தத் தயாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நேரம் இன்னொரு பெரிய விஷயம். சர்வதேச ஆட்டத்தில் அணிகளின் பஸ் வந்து நிற்பது, வீரர் பட்டியலைக் கொடுப்பது, வார்ம்-அப் தொடங்குவது, முடிப்பது, வரிசையாக நிற்பது, தேசிய கீதம் என எல்லாமே நிமிடக் கணக்கில் எழுதி வைத்தது. திருப்பூர் எக்ஸ்போர்ட்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். கப்பல் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நிட்டிங், டையிங், கட்டிங், பேக்கிங் என்று பிரித்து வைப்பதுதானே அவர் வேலை. ஆட்டம் 8 மணிக்கு என்றால் 8 மணிக்கு. அந்த ஒரு நிமிடத்தை நம்பி எத்தனையோ நாட்டு டி.வி.க்கள் காத்திருக்கின்றன.

கட்டடம் விஷயத்தில் நம்ம மாநிலத்துக்கு ஒரு சாதனை உண்டு. 1993 நேரு கோப்பை சர்வதேசக் கால்பந்துப் போட்டியைச் சென்னையில் நடத்துவதற்காக, பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் புது நேரு ஸ்டேடியத்தை 260 நாளில் எழுப்பினார்கள். அந்தக் கோப்பையை வட கொரியா கொண்டுபோனது. ஆனால் சிமெண்டை அவசரமாக எழுப்பலாம், கூட்டத்தை அப்படி எழுப்ப முடியாது. 2018 ஜூனில் மும்பையில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் இந்தியா 5-0 என்று சைனீஸ் தைபேயை நொறுக்கியதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மூன்று கோல் போட்ட சுனில் சேத்ரி, வந்து பாருங்கள், திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டுங்கள் என்று ஒரு வீடியோவில் கெஞ்சினார். கென்யாவோடு அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது. நடத்துபவரின் பட்டியலில் கடைசி வரி எப்போதும் நாம்தான்.

கோவையில் ஒரு சர்வதேசப் போட்டி நடக்குமா என்று நண்பர்கள் கேட்கும்போது, உலகக் கோப்பைப் பேச்சையெல்லாம் விடுங்கள் என்பேன். நாலு நாடுகள் ஆடும் சின்னக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விமான நிலையம் இருக்கிறது, அவிநாசி ரோட்டில் ஹோட்டல்கள் இருக்கின்றன. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம்வரை பத்து கிலோமீட்டருக்கு நீள்கிறது. அங்கே இறங்கினால் ஸ்டேடியம் கூப்பிடு தூரம். குறை ஒன்று, சுற்றிலும் ஓடும் தடகளப் பாதை. அதனால் கேலரிக்கும் பந்துக்கும் நடுவில் இடைவெளி அதிகம். ஆகவே கீழ் வரிசை வேண்டாம், மேலே ஏறி நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள், இரண்டு அணிகளும் நிற்கும் வடிவம் முழுசாகத் தெரியும். பெரிய இடைஞ்சல் ஸ்டேடியம் அல்ல, பயிற்சி மைதானங்கள். 2017 போட்டிக்காகக் கொச்சியில் ஒரு ஸ்டேடியத்துக்கு மஹாராஜாஸ் கல்லூரி, பனம்பிள்ளி நகர், ஃபோர்ட் கொச்சியின் பரேடு, வெளி என நாலு மைதானங்களைப் புல் போட்டுத் தயார் செய்தார்கள். போட்டி போன பிறகு ஊருக்கு மிஞ்சியதும் அவைதான்.

நம்ம ஊரில் அப்படி எத்தனை மைதானங்கள் தேறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பாருங்கள். பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., தடாகம் ரோட்டில் ஜி.சி.டி., லாலி ரோடு பக்கம் வேளாண் பல்கலைக்கழகம். ஒவ்வொரு கிரவுண்டிலும் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் எடுக்க இடம் இருக்கிறதா, சுற்றிலும் வேலி போட முடியுமா, மழை பெய்த மறுநாள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே அங்கே பந்து உதைக்கும் பையன்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த கோல் போஸ்ட்டுக்கு முன்னால் குழி இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.