அச்சமும் ஆட்டமும்: ஆலிஸ் கூப்பரின் மேடை

காண்போரை மகிழ்விப்பதே கலையின் தொழில் என்று கொள்வோர்க்கு, மேலைநாட்டு 'ஷாக் ராக்' இசைமேடை பெரும் புதிராகத் தோன்றும். நடுங்கவும் முகஞ்சுளிக்கவும் செய்வதையே அது தன் தொழிலாகக் கொண்டுள்ளது. ஆயினும், அச்சத்தையும் இளிவரலையும் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் வைத்தே எண்ணினார். ஆதலின் தமிழ் பயின்றோர் இம்மேடையைப் புறந்தள்ளுமுன் ஆராய்ந்து நோக்குதல் தகும்.

இவ்வகைக் கூத்து திடீரென முளைத்ததன்று. பாரிஸ் நகரில் 1897 முதல் 1962 வரை நடந்த கிராண்ட் கின்யோல் நாடக அரங்கு, கொலையும் குருதியும் காட்டிக் கூட்டம் சேர்த்தது. 1950-களில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் சவப்பெட்டியிலிருந்து எழுந்து பாடினார். 1968-இல் ஆங்கிலேயரான ஆர்தர் பிரவுன் தலைக்கவசத்தில் தீ எரியப் பாடினார். இத்தகைய காட்சிகளை ஒரு கதைப்போக்கில் கோத்து நாடகமாக வளர்த்தவர், 1948-இல் டிட்ராய்ட் நகரில் பிறந்த வின்சென்ட் ஃபர்னியர். ஆலிஸ் கூப்பர் என்பது அவர் பூண்ட பெயர்.

அவருடைய அரங்கிற்கு முதன்முறை செல்பவர் காண்பவை எவை? கண்ணைச் சுற்றி மை தீட்டிய மெலிந்த மனிதர், கழுத்தில் பெரும்பாம்பைச் சுற்றிக்கொண்டு பாடுகிறார். ஃபிராங்கன்ஸ்டைன் கதையின் பேயுரு மேடையில் உலவுகிறது. கொடுஞ்செயல்கள் நிகழ்கின்றன. பின்னர் அவரைப் பித்தர்க்குரிய கட்டுச்சட்டையில் பிணிக்கின்றனர். முடிவில் கில்லட்டினில் கிடத்துகின்றனர். கத்தி விழுகிறது, தலை உயர்த்திக் காட்டப்படுகிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது. இவ்வளவில் எழுந்து செல்பவர், இது காட்டுமிராண்டித்தனம் என்பார். அமர்ந்திருப்பவரோ, அதே மனிதர் வெள்ளுடையும் உயர்ந்த தொப்பியும் அணிந்து மீண்டு வருவதையும், பலூன்கள் பறக்க அரங்கு முழுதும் சேர்ந்து பாடுவதையும் காண்பார்.

அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இந்நான்கும் இம்மேடையில் முறையே வந்து நிற்றல் வியப்பே. பேயுரு அணங்கு, பாம்பு விலங்கு, கள்வர் இடத்தில் கொலைகாரன், இறையின் இடத்தில் தலையைத் துணிக்கும் ஆணை. தீமை செய்தவன் தண்டனையின்றித் தப்புவதில்லை என்பதும் கருதத்தக்கது. மீண்டு வந்தபின் அவர் பாடுவது, பள்ளி விடுமுறையைக் கொண்டாடும் 1972-ஆம் ஆண்டுப் பாடல். பிள்ளைகளுக்கு ஆசிரியரும் ஆணை செலுத்தும் இறையே அன்றோ? அந்த அச்சமும் நீங்கிற்று என்பதே அவ்வுவகை. அப்பாடலை வானொலி, தொலைக்காட்சியிலிருந்து விலக்க வேண்டுமென இங்கிலாந்தில் மேரி வைட்ஹவுஸ் அம்மையார் போராடினார். பாடலோ அந்நாட்டில் முதலிடம் பெற்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. 1973-ஆம் ஆண்டுப் பயணத்துக்குக் கில்லட்டின் காட்சியை அமைத்துத் தந்தவர், மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி. தலை துணிப்பவராகவும் அவரே நடித்தார். அது கைத்தொழில் நுட்பம், எவர்க்கும் ஊறில்லை. ஆனால் 1969-இல் டொராண்டோ நகர இசைவிழாவில் நடந்தது வேறு. மேடைக்கு வந்த கோழி பறந்துவிடும் என்றெண்ணிக் கூட்டத்தின்மீது வீசியதாகக் கூப்பர் கூறுவார். கூட்டம் அதனைப் பிய்த்தெறிந்தது. அவரே தலையைக் கடித்தார் என்று பொய்ச்செய்தி பரவி, அதுவே புகழுக்கும் ஏணியாயிற்று. பொய்த்தலை விழுந்தபோது எழுந்தது மெய்ப்பாடு. மெய்யான உயிர் மாண்டபோது நிகழ்ந்தது கொடுமை. கலைக்கு எல்லை இவ்விரண்டிற்கும் இடையே உள்ளது.

எல்லைக்குள் நின்ற கூத்திலும் குறை உண்டு. அச்சம், மருட்கை, நகை, உவகை ஆகியன நிறைந்த இம்மேடையில் அழுகைக்கு இடம் மிகச் சிறிது. கணவனால் துன்புறும் மனைவியைப் பற்றி அவர் 1975-இல் தந்த பாடல் நெஞ்சை நெகிழ்விப்பதே. அஃது அருகிய விலக்கு. அழுகையின் களங்களுள் இழவும் ஒன்று. இங்கோ சாவு உண்டு; இழவு இல்லை. தலை விழுகையில் இரங்குவார் ஒருவரும் இலர். மேலும், ஐம்பது ஆண்டுகளாக அதே கத்தி விழுந்து வந்தமையால், காண்போர் அஞ்சுவதை விட்டு எதிர்பார்க்கத் தொடங்கினர். அச்சம் திருவிழாவாயிற்று. ஆதலின் இதனைத் தேர்ந்த விளையாட்டு எனலாம். பெருநாடகம் எனல் இயலாது.

இத்தகைய காட்சிகளை இன்று மாணாக்கர் கைப்பேசியிலேயே காண்கின்றனர். 'பார்க்காதே' என்ற சொல் அவர்பால் நெடுந்தொலைவு செல்லாது. எந்த மெய்ப்பாடு எழுந்தது, எது எழவில்லை, எவ்வுயிர்க்கேனும் ஊறு நேர்ந்ததா என்று வினவக் கற்பித்தால், அவர்களே தரம் பிரித்துக்கொள்வர். மெய்ப்பாட்டியலை வகுப்பில் மனப்பாடப் பகுதியாக மட்டும் வைத்திராமல், அவர்கள் காணும் மேடைகள்மீது வைத்து நடத்துதல் தமிழாசிரியர்க்கு உரிய பணியாகும்.