கருப்பாயியின் நாற்காலி

‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் 1987இல் தணிக்கைச் சான்று பெற்றது. எதிர்ப்பு கிளம்பியது, சென்னை உயர் நீதிமன்றம் சான்றை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பித் தந்தது. ஆர்ப்பாட்டம், கலவரம் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்கக் கூடாது என்றது. சரிதான். தடை கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கத்தி நாளைக்கு நம்ம கழுத்துக்குத்தான் வரும்.

ஆனால் கருத்துரிமைச் சொல்லாடலின் மறைவில் படம் தப்பிச்சுப் போயிடுது. இன்றைக்கும் தீர்ப்பைத்தான் பேசுகிறார்கள், கதையைப் பேசுவதில்லை. பார்ப்பனப் பெண் காயத்ரி, கருப்பாயி என்று பெயர் மாற்றி, ஆதிதிராவிடர் என்ற போலிச் சான்றிதழோடு அரசு வேலைக்குப் போகிறாள். இடஒதுக்கீடு அவளை அந்த நிலைக்குத் தள்ளியதாம்! சரி, அவள் உட்கார்ந்த நாற்காலி யாருக்கு உரியது? சேரியிலிருந்து படிச்சு வந்து வேலைக்குக் காத்துக்கிடக்கிற ஒரு நிஜக் கருப்பாயிக்கு. பறிகொடுத்தவள் அவள். படமோ பறித்தவளுக்காக நம்மிடம் கண்ணீர் கேட்கிறது. பெயரைக்கூட விட்டுவைக்கலையே! வாலியின் எழுத்து வேறு. இந்தப் படத்துக்குத்தான் சமூகப் பிரச்சினையைச் சொன்ன படம் என்று தேசிய விருதும் கொடுத்தார்கள்.