முகாம் பஸ்ஸும் கிளினிக் கொப்பியும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். தூத்துக்குடியிலிருந்து அந்தக் காலத்தில் கடை வைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்தவர், இளைப்பாறிய ஆசிரியர். அம்மாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, இடது கண்ணுக்கும் பார்க்க வேண்டும் என்று நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்கட பக்கம் சனத்தை பஸ்ஸில ஏத்திக்கொண்டு போய், வரிசையாக் கிடத்திக் கண்ணை வெட்டி அனுப்புவினமாம். உண்மையோ தம்பி?"

உண்மைதான் என்றேன். பந்தியில் அதற்கு மேல் பேச இடமில்லை. ஆனால் அவர் சொன்ன தொனி ஊர் வந்து சேர்ந்த பிறகும் உறுத்தியது. பஸ்ஸில் ஏறிப் போவது என்னவோ கேவலம் என்பது போன்ற தொனி அது. எங்கள் தூத்துக்குடி மாவட்டம் உலகத்துக்குக் கொடுத்தவற்றில் முத்துக்கும் உப்புக்கும் மேலாக நான் மதிப்பது அந்த பஸ்ஸைத்தான்.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக் கண் மருத்துவர் ஆனவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய தலைமுறையில் கண் முகாம் என்றால் பள்ளிக்கூடத்தையோ சத்திரத்தையோ கழுவிவிட்டு, பெஞ்சுகளை நகர்த்தி, அங்கேயே அறுவை செய்வதும் உண்டு. அது ஆபத்து என்று உணர்ந்த பிறகு முறை மாறியது. ஊரில் பரிசோதனை மட்டும், கத்தி வைப்பது ஆஸ்பத்திரி தியேட்டரில். அப்படியானால் ஏழை எப்படித் தியேட்டருக்குப் போவான்? அதற்காக வந்ததுதான் பஸ். ஆளை ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிற பஸ். 1988 முதல் திருநெல்வேலியிலேயே அரவிந்த் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம்.

இந்தக் கடற்கரைக்கு அது எவ்வளவு தேவை என்பது உப்பளத்தில் உச்சிவெயிலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே சூரியன், கீழே கண்ணைப் பறிக்கும் வெள்ளைக் குவியல். முள்ளக்காட்டுப் பக்கம் உப்பு வாருகிற பெண்கள் சேலைத் தலைப்பை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். கருவிழி மேல் சதை வளர்வது அங்கே சாதாரணம். சங்கு குளிப்பவர்களுக்கு உப்புத்தண்ணீர். அதற்கு மேல் வயதானால் பொறை. புத்தகத்தில் கண்புரை என்று எழுதுவதை இங்கே பொறை விழுந்துட்டு என்போம்.

அம்மாவுக்குத் துணையாக நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்தபோது முகாம் பஸ்ஸில் வந்தவர்களையும் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் முழுக்கத் தயார் செய்வதுதான் வேலை. பிரஷர், சுகர். லென்ஸின் பவரைக் கணக்கிடக் கண்ணை அளப்பது. கண்ணீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, இமையோரத் துளையில் ஊசிமுனை போன்ற மொட்டைக் குழாயை வைத்து உப்புநீர் செலுத்துவார்கள். குழாய் திறந்திருந்தால் அந்த நீர் தொண்டைக்கு இறங்கும். "தொண்டையில உப்புக் கரிக்குதா ஆச்சி?" என்று அதைச் செய்த பெண் கேட்டாள். பழையகாயல் ஆச்சி ஒருத்தி ஒரு கணம் யோசித்துவிட்டு, "கரிக்கி தாயீ" என்றாள். அடைப்பு இல்லை, ஆபரேஷன் செய்யலாம். அடைப்பிருந்து சீழ் தங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள். அந்தக் கிருமி கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடும்.

அதே ஆச்சியின் காதில் பாம்படம். மூக்குத்தி, கம்மல் எல்லாம் கழற்ற வேண்டும் என்பது விதி. திருகு இறுகிப்போன மூக்குத்திக்குச் சோப்பு நுரை தடவி மெல்லத் திருகிக் கழற்றினாள் அதே பெண். பாம்படத்தை மகளிடம் துணியில் முடிந்து கொடுத்த பிறகுதான் ஆச்சிக்கு நிம்மதி. அந்தப் பெண்ணும் கிராமத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்து, அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்றவள். இப்படி வந்த பெண்கள்தான் அந்த ஆஸ்பத்திரியின் முதுகெலும்பு. பிளாஸ்டிக் கண் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகிறார்கள். தலைக்குக் குளித்துவிட்டு வரணும், மை வேண்டாம், பொட்டு வேண்டாம், இருமல் இருந்தால் இப்போதே சொல்லணும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வியும் வரும். ஆண்களிடம் ஒன்றுக்கு அடைக்குதுன்னு மாத்திரை சாப்பிடுறீங்களா என்று கூசாமல் கேட்கிறார்கள். அந்த வகை மாத்திரைகளில் சில, கண்பாவை விரிவதையே கெடுத்துவிடும். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் அதற்கேற்பத் தயாராகிவிடுவார். வரிசையாகக் கிடத்துவார்கள் என்பது சரி. ஆனால் ஒவ்வொருவருக்கும் எந்தக் கண் என்று அடையாளம் போட்டு, பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. அது பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். லிப்டன் சதுக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பழைய விக்டோரியா நினைவுக் கண் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை வெளியே நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறேன். உள்ளே நடப்பதைப் பற்றி கொட்டாஞ்சேனை அத்தை சொன்னவைதான் எனக்கு ஆதாரம். அங்கே கிளினிக்குக்குத் திகதி கொடுப்பார்கள். அந்தத் திகதிக்குக் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் சனல் பண்ண வேண்டும், அதாவது குறிப்பிட்ட டொக்டரின் பெயர் சொல்லித் தனியார் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுப்பது. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கும் அதே நிபுணரை மாலையில் அங்கே காசு கொடுத்துப் பார்க்கலாம். அத்தை எந்த டொக்டர் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார். நாங்கள் டாக்டர் பெயரையே கேட்பதில்லை, அரவிந்துக்குப் போறோம் என்போம். விடிகாலையில் போய்ப் பதிந்துவிட்டு அன்றைக்கே பார்த்துத் திரும்புவோம். ஓர் ஆளை நம்புவதைவிட ஒரு முறையை நம்புவது ஏழைக்கு நல்லது என்பது என் எண்ணம். நல்ல டாக்டரின் பெயர் ஏழைக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

அத்தையின் சொற்களில் எனக்கு ஆசை உண்டு. மாத்திரை அவருக்குக் குளிசை. சுகர் சீனி வருத்தம். ஆபரேஷன் சத்திரசிகிச்சை. அங்கே மருத்துவம் தமிழில் பேசுவது புதிதல்ல: யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் ஆங்கில டிஸ்சார்ஜ் சீட்டை இன்றும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கருவிழி தானத்தில் இலங்கைக்காரர்கள் எங்கோ உயரத்தில் இருக்கிறார்கள். டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கம் தொடங்கினார். 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பினார். பிறகு பல நாடுகளுக்குப் போயின. முன்னாள் ஜனாதிபதி ஜெயவர்தன 1996இல் இறந்தபோது அவருடைய கண்கள் ஜப்பானுக்குக் கொடுக்கப்பட்டன. எங்கள் ஊரில் இழவு வீட்டில் கண்தானம் பற்றி வாய் திறக்க இன்னும் தைரியம் வேண்டும்.

ஆனால் புரைக்கு வேண்டியது லென்ஸ். வெளிநாட்டு லென்ஸ் 100 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992இல் மதுரையில் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. அதனால்தான் பழையகாயல் ஆச்சிக்கும் உள்ளே லென்ஸ், சோடாபுட்டிக் கண்ணாடி இல்லை. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டால் இலங்கை ஆஸ்பத்திரிகள் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டி வந்தபோது அத்தை பட்ட கவலையைப் போனில் கேட்டவன் நான். அதற்கு அடுத்த வருடமே, குஜராத் கம்பெனி ஒன்றின் சொட்டு மருந்தால் அங்கே புரை அறுவை செய்துகொண்ட சிலரின் பார்வை பாதிக்கப்பட்டது. இந்தியச் சரக்கு என்று அத்தை சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் முகாமுக்குப் போன ஏழைகள் பலர் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை இழந்ததும் எங்கள் மாநிலத்தில்தான். பஸ் ஏற்றினால் மட்டும் போதாது. போய்ச் சேருகிற தியேட்டரும் வடமலாபுரத்துக்காரர் பழக்கிய ஒழுங்கில் இருக்க வேண்டும்.

இலங்கைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: கிளினிக் கொப்பி. அத்தையின் கொப்பியில் அவருக்கு என்ன வருத்தம், என்ன குளிசை, அடுத்த திகதி எது என்று பல வருடக் கதை இருக்கிறது. எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார். எங்கள் ஆட்கள் மஞ்சள் பையில் பாதி கிழிந்த மாத்திரை அட்டைகளோடு போவார்கள், பெயர் இருக்கும் பக்கமாகவே கிழித்திருப்பார்கள். அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் பங்குனியில். ஒரு நோட்டு வாங்கி, பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், போன தடவை போட்ட லென்ஸின் பவர் எல்லாம் எழுதியிருக்கிறேன். எந்தச் சொட்டு மருந்துக்குக் கண் சிவந்தது என்பதையும் தங்கையிடம் கேட்டு எழுத வேண்டும்.