தன்னுணர்ச்சிப் பாட்டும் ஒப்பாரியும்

தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடும் மகளிர் பலர் 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ராக் இசையுலகில் புகழுற்றனர். பொது வணிகப் போக்கினின்றும் விலகிய 'ஆல்டர்னேட்டிவ்', 'இண்டி' என்னும் பிரிவுகளைச் சார்ந்தோர் இவருட் பலர். காதலும் ஏமாற்றமும் உடலுக்கு நேர்ந்த கொடுமையும் தன்மையிடத்தில் வைத்துப் பாடப்பெற்றமையின், இப்பாடல்களைத் திறனாய்வாளர் 'மனந்திறந்த வாக்குமூலம்' என்றனர். இப்பெயர் பாட்டின் இயல்பை விளக்குகின்றதா, மறைக்கின்றதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இக்குறியீடு முதற்கண் மகளிர்க்கு உரியதன்று. ராபர்ட் லோவலின் கவிதை நூலை 1959இல் மதிப்பிட்ட எம். எல். ரோசந்தால் ஆண்ட சொல் அது. மகளிர் பாட்டின்மேல் அது ஏறியவிடத்து, பாட்டு நாட்குறிப்பாகவே கொள்ளப்படலாயிற்று. லிஸ் ஃபேர் 1993இல் வெளியிட்ட 'எக்ஸைல் இன் கைவில்' இதற்குச் சான்று. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 1972ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பாட்டுக்குப் பாட்டு எதிர்மொழியாக அதனை அமைத்ததாக அவரே கூறியுள்ளார். இரண்டிலும் உள்ளவை 18 பாடல்களே. இத்தகைய அமைப்பு, நினைந்ததை நினைந்தவாறே கொட்டுவதால் வருவதன்று. டோரி ஆமோஸ் பியானோவில் வல்லவர். ஆயினும் தமக்கு நேர்ந்த வன்கொடுமையைக் கருவாகக் கொண்ட 'மீ அண்ட் எ கன்' என்னும் பாட்டை, இசைக்கருவி யாதுமின்றித் தனிக்குரலாற் பாடினார். கருவியை விலக்கியதும் கலைத்தேர்வே.

மகளிர் பாட்டை வாழ்க்கைச் செய்தியாகக் கொள்ளும் வழக்கு தமிழிலும் பழையது. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதி வழிப் பாடியவர் வெள்ளிவீதியார். ஆயினும் ஔவையார் அகநானூற்று 147ஆம் பாட்டில், பிரிந்தானைத் தேடி அலைந்தவராக அவரைப் பெயர் சுட்டுகின்றார். அதனைக்கொண்டு பின்வந்தோர் வெள்ளிவீதியார் பாட்டெல்லாம் அவர்தம் வரலாறே என்றனர். அவர் உவமைத்திறம் இதனால் இரண்டாமிடம் பெற்றது.

கருவியின்றித் தன் துயரைப் பாடும் முறை நம் நாட்டில் ஒப்பாரியாக வாழ்கின்றது. இறந்தாரை முறைசொல்லி விளித்துத் தொடங்கும் ஒப்பாரி, பிறந்தகம் கைவிட்டமை, புகுந்தகத்து இடர், கைம்மை என்று பாடுவாள் வாழ்வின்பால் திரும்பும். மகளிர் இறந்தார்க்காக அன்றித் தமக்காகவே அழுகின்றனர் என்பதைத் தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆய்ந்த இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். வழிவழி வந்த உவமைகளும் விளிகளும் அவள் குறையை வெளிப்படக் கூற இடந்தருகின்றன. அன்றாடப் பேச்சிற் சொல்லின் சண்டையாக முடிவது, இழவு வீட்டில் பாட்டாகப் பொறுக்கப்படுகின்றது. ஆகவே மரபு உண்மைக்குத் தடையன்று. உண்மையைச் சொல்லுதற்குரிய காப்பு.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மேலைநாட்டுப் பாடகிக்குப் பெயர் நின்றது, கலைத்திறம் ஐயுறப்பட்டது. ஒப்பாரி பாடுவாட்கோ பெயரும் இல்லை. நாட்டுப்புறப் பாட்டு என்றாலே ஆசிரியர் அறியப்படாதது என நாம் வரையறுத்துவிட்டோம். மரபுத் தொடர்களுக்கிடையே தன் வாழ்வை இணைத்துப் பாடியவள் ஆசிரியை ஆகாளா?

2009இல் தனி மாவட்டமான திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் தையலிலும் செக்கிங்கிலும் உழைக்கும் மகளிருட் பலர், கொங்குச் சிற்றூர்களினின்றும் தென்மாவட்டங்களினின்றும் வந்தோர். ஒப்பாரியோ முதியோர் அருகிருந்து கேட்டுக் கற்கும் கலை. ஷிப்ட் கணக்கில் வாழ்வார்க்கு அவ்வாய்ப்பு அரிது. இவர்தம் அன்னையர் பாட்டைத் தொகுக்கப் புகுவோர் சொல்லோடு மெட்டையும், பாடியவர் இசைந்தாற் பெயரையும், எவ்வடி மரபு, எவ்வடி அவர் புனைவு என்பதையும் பதிதல் வேண்டும். இசையாதவிடத்துப் பெயரை மறைத்தலே அகமரபு கற்பித்த பண்பு. இவ்விரண்டையும் பேணும் தொகுப்பே பாடியவளைப் புலவராகக் காட்டும் என்பது நம் துணிபு.