உலைச் சிகரத்தில் ஒரு நாள்

ரீயூனியன் தீவுக்கு வரும் நண்பர்கள் முதலில் கேட்பது, "எரிமலையில் நெருப்பு தெரியுமா?" பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்றால் உலைச் சிகரம். உலகில் அடிக்கடி குமுறும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் நீங்கள் போகிற அன்று அது பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். குமுறத் தொடங்கினால் உள்ளே இறங்கும் பாதையை மூடிவிடுவார்கள். அடங்கிய மலையைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே அழைத்துப்போகிறவரின் வேலை.

விடியுமுன் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏற மேகமும் ஏறி மலையை மறைத்துவிடும். கடற்கரையில் வேர்த்தாலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும்.

புர்க் முரா ஊரைத் தாண்டினால் மாடு மேயும் புல்வெளி. இன்னும் ஏறினால் ஒரு வளைவில் பச்சை அற்றுப்போய், கீழே செம்பழுப்பாக பிளேன் தே சாப்ல் விரியும். வண்டியை நிறுத்துங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அந்த வெறுமையை அவர்கள் தாங்களாகவே பார்க்கட்டும்.

பாதை முடியும் பா த பெல்கோம்ப் 2,311 மீட்டர் உயரத்தில், எரிமலையைச் சூழ்ந்த பெரும்பள்ளத்தின் விளிம்பு. எதிரே 2,632 மீட்டர் சிகரம். 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளம் முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. அதைப் பார்க்க நடந்தால் பகல் முழுவதும் அதற்கே போய்விடும். ஒரு நாள்தான் கையில் என்றால், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஃபோர்மிகா லியோவரை போனாலே போதும் என்பேன். 1753இல் உண்டான சிறு கூம்பு அது. மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் பூச்சியின் பெயர் அதற்கு. மேலிருந்து பார்த்தாலே காரணம் விளங்கும்.

இறங்கியதும் காலடியைப் பாருங்கள். வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இந்தக் கல் எளிதில் புரியும். இளகிய பதத்தில் ஓடிய குழம்பு, மேலே ஆடை கட்டிச் சுருண்டு, முறுக்கிய கயிறுபோல் உறைந்திருக்கும். இறுகிய பிறகும் பின்னாலிருந்து தள்ளப்பட்டது உடைந்து கரடாகக் கிடக்கும். இங்குள்ளவர்கள் அதை கிராத்தோன் என்கிறார்கள். கை வைத்தால் கிழித்துவிடும். இரண்டும் ஒரே பாறைக்குழம்புதான்.

பிற்பகலில் கிழக்குக் கரைக்கு இறங்குங்கள். கிரான் ப்ரூலேயில் சாலையை அறுத்துக் கடலுக்கு ஓடிய ஒவ்வொரு குழம்புக்கும் ஆண்டு எழுதிய பலகை உண்டு. பலகையைப் பார்க்குமுன் வயதை ஊகிக்கச் சொல்லுங்கள். வெறுங்கறுப்பு என்றால் இளையது. சாம்பல் பூத்தாற்போல் பாசிக்காளான் படர்ந்திருந்தால் அதைவிட மூத்தது. அடுத்து பெரணி, அதற்கும் பிறகுதான் மரம். 2007இன் குழம்பு மிகத் தடிமனானது. பல ஆண்டுகள் கழித்தும் மழை விழுந்தால் அதிலிருந்து ஆவி கிளம்பியது.

கடைசியாக பித்தோன் செந்த் ரோஸ் தேவாலயம். 1977 ஏப்ரலில் ஊருக்குள் இறங்கிய குழம்பு இதன் வாசலுக்கு வந்து, இரு பக்கமும் சூழ்ந்து நின்றுவிட்டது. நண்பர்களை அந்தச் சுவரோரம் சற்று நேரம் நிற்கவிடுங்கள். அந்தக் கறுப்புக் கல் அதே இடத்தில் இருக்கிறது. கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது.